லேபிள் வரைய ஒன்றே முக்கால் லட்சம்: வாங்கலாமா?

சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் இருந்தபடியே நான்கு பிரஸ்களுக்கு டிசைன் செய்து கொடுக்கிறார். பட்டாசு லேபிள், காலண்டருக்குச் சாமி படம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வரும். கணவர் ஆஃப்செட் மெஷின்மேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். ஆடி முதல் மார்கழி வரை மாதம் 38,000 ரூபாய் வரை வரும். தை முதல் ஆனி வரை 12,000 தாண்டாது. கையில் இருப்பது ஆறு வருடப் பழைய லேப்டாப், திரை இல்லாத சாதாரண பென் டேப்லெட். “பத்திரிகை ஃபைலை ஓபன் பண்ணிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும்” என்கிறார்.

மதுரையில் ஒரு ஷோரூமில் எம்5 சிப் உள்ள 13 இன்ச் ஐபேட் ப்ரோவைப் பார்த்திருக்கிறார். “கையில் எடுத்து ஒரு மயிலிறகு வரைந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை” என்று எழுதியிருக்கிறார். டேப்லெட் 1,29,900, அதில் வரையும் பேனாவான பென்சில் ப்ரோ 11,900, மேஜிக் கீபோர்டு 33,900 என மொத்தம் 1,75,700 ரூபாய். வருடக் கடைசி ஆஃபரில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ தருகிறார்களாம். இல்லையென்றால் ஐந்து பவுன் செயினை அடகு வைக்கவும் தயார். லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம், செலவைக் கணக்கில் காட்டி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்றும் நினைக்கிறார். கொழுந்தனாரின் பிரஸ் ஜிஎஸ்டி நம்பரில் பில் போட்டால் இன்னும் லாபம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். தொழிலுக்கு வாங்கும் பொருள் என்பதால், பழுதானால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாதோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டாராம்: “லேபிள் போடுறதுக்கு ஒன்றே முக்கால் லட்சமா?” கடிதத்தின் கடைசியில், இரண்டு பிரஸ்காரர்கள் 38,000 ரூபாய் பாக்கி வைத்திருப்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவர் கேட்ட கேள்வி. விலையைப் பற்றி அவர் தயங்குவது நியாயம்தான். ஆனால் “லேபிள் போடுறது” என்று சொன்ன அந்தத் தொனி உங்களுக்கு வலித்திருக்கிறது. வலிக்கத்தான் செய்யும். உங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு மூன்று லட்சம் கொண்டு வரும் வேலை அது. மெஷின்மேன் நல்ல ஸ்பேனர் கேட்பது போலத்தான் நீங்களும் நல்ல கருவி கேட்கிறீர்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால் இந்தக் கருவியை இப்போது வாங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்லப்போகிறேன்.

அந்த மயிலிறகு பொய்யில்லை. என் அக்கா மகளிடம் இருக்கும் ப்ரோவில் நானும் வரைந்து பார்த்திருக்கிறேன். சாதாரண டேப்லெட்டில் வேகமாகக் கோடு இழுத்தால் பேனா முனை முன்னே போகும், கோடு கொஞ்சம் பின்தங்கி ஓடி வரும். ப்ரோவில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரிவதில்லை. திரை நொடிக்கு 120 முறை புதுப்பித்துக்கொள்வதுதான் காரணம். ஐபேடிலேயே விலை குறைந்த ஏர் மாடலில் அது 60 முறைதான். ப்ரோவின் திரை இரண்டு அடுக்கு ஓஎல்இடி. கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும், வெளிச்சமும் ஏர் திரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 13 இன்ச் ப்ரோவின் தடிமன் 5.1 மில்லிமீட்டர். இவ்வளவும் இருக்கும் பொருளுக்கு அந்த விலை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் வேலையில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

திரையில் இருக்கும் நிறம், பேப்பரில் வரும் நிறம்

உங்கள் வேலை முடிவது திரையில் இல்லை, நான்கு மையில். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். முருகன் படத்தில் மயில் கழுத்துக்கு நீங்கள் வைக்கும் அந்த நீலம், கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு எல்லாம் திரையில் ஜொலிக்கும். அந்த நான்கு மை நிறங்களாக (சிஎம்ஒய்கே) பிரித்து பிளேட் போட்டு அச்சடித்து வந்தால், “என்னம்மா, கலர் டல்லடிக்குது?” என்று பிரஸ்ஸில் இருந்து போன் வரும். அச்சு மையால் எட்ட முடியாத நிறங்கள் அவை. திரை எவ்வளவு பிரகாசமாக இருக்கிறதோ, அந்த ஏமாற்றமும் அவ்வளவு பெரிதாகும். வீடியோ எடிட் செய்பவருக்கும் அனிமேஷன்காரருக்கும் திரையே கடைசி இடம். அவர்கள் ப்ரோவின் திரைக்குக் கொடுக்கும் காசு முழுவதும் வேலைக்குப் போய்ச் சேரும். உங்களுக்கு அதில் பாதிதான் சேரும். உங்கள் படங்களின் நிறம் சரியாக வர, அந்த பிரஸ்ஸிலேயே கேட்டு வாங்கும் ஒரு ப்ரூஃப் ஷீட் (மாதிரி அச்சுத் தாள்) எந்தத் திரையைவிடவும் உதவும்.

இன்னொரு சின்ன விஷயம். ஐபேட் எதுவானாலும் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தத்தான் ஆப்பிள் சொல்கிறது. சித்திரை வெயிலில் உங்கள் ஊர் மாடி அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறினால் திரை தானாக மங்கும். வேலை செய்யும் இடத்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள்

உங்கள் திட்டத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். எம்5 சிப் லேப்டாப்பை விஞ்சும் வேகம் கொண்டது, உண்மை. ஆனால் அதில் ஓடுவது ஐபேட் இயங்குதளம். விண்டோஸில் நீங்கள் பயன்படுத்தும் டிசைன் மென்பொருளான முழு கோரல் டிரா அதில் ஓடாது. பத்திரிகை வாசகத்தை வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கிறீர்கள். அதற்கு நீங்கள் பழகிய கீபோர்டு மென்பொருளும் அதில் ஓடாது. பிரஸ்காரர் கேட்பதோ கோரல் ஃபைல். ஆக, படத்தை ஐபேடில் வரைந்தாலும், பெயர், தேதி, மண்டபம், “சுற்றமும் நட்பும் சூழ” எல்லாம் அதே பழைய லேப்டாப்பில்தான் ஏற வேண்டும்.

அப்படியென்றால் டீ குடிக்கும் நேரம் அப்படியே இருக்கும். உங்கள் கடிதத்தில் நேரம் வீணாகிறது என்று நீங்கள் சொன்ன ஒரே இடம் அதுதான், அது லேப்டாப்பில் இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். கூடுதல் ரேம் போட இடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ப்ரோ விலையோடு ஒப்பிட்டால் சின்னச் செலவில் முடிகிற வேலை. இதை இந்த வாரமே செய்யலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை.

லேப்டாப் இருக்கும்போது 33,900 ரூபாய் கீபோர்டு எதற்கு? அதைப் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்ற பெயர்

வட்டியே இல்லை என்று கடையில் சொல்லியிருப்பார்கள். வட்டி உண்டு. அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்து, வங்கி அதே தொகையை வட்டியாக வசூலிக்கிறது. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று உண்மையில் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வங்கி 16 சதவீதம் போடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1,75,700 ரூபாய்க்கு 12 மாதத்தில் வட்டிப் பகுதி சுமார் 14,300. அதை உங்களுக்குத் தள்ளுபடியாகத் தந்துவிடுவார்கள். ஆனால் அந்த வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 2,570 ரூபாய், உங்கள் தலையில்தான். பிராசசிங் கட்டணம் தனி. மொத்தப் பணமும் கட்டி வாங்குகிறவருக்குக் கிடைக்கும் கார்டு தள்ளுபடி இதில் கிடைக்குமா என்பதையும் கேட்டுப் பாருங்கள். பல ஆஃபர்களில் இரண்டில் ஒன்றுதான் தருவார்கள்.

இந்த இரண்டாயிரம் மூன்றாயிரம்கூடப் பெரிதில்லை. உங்கள் வருமானத்தின் பருவத்தைப் பாருங்கள். கார்த்திகையில் வாங்கினால் மாதத் தவணை 14,642 ரூபாய். தை முதல் ஆனி வரை ஆறு தவணைக்கு 87,850 ரூபாய் கட்ட வேண்டும். அந்த ஆறு மாதத்தில் உங்கள் மொத்த வருமானமே 72,000. மீதியைக் கணவர் சம்பளத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு மாதம் தவறி, “மினிமம் டியூ” மட்டும் கட்டினால் போதும் என்று விட்டீர்களானால், கார்டு வட்டி வருடத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி ஓடும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதமும் அதே மெலிந்த பருவத்தில்தான் வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

செயின் அடகு விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். தொழில் கருவிக்கு வங்கியில் நகைக்கடன் வாங்குவது தவறில்லை. கார்டு கடனைவிட அது எவ்வளவோ மலிவு. ஆனால் திருப்ப முடியாமல் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகும் வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நாலு வருடம் கழித்து டேப்லெட்டின் விலை பாதிக்கும் கீழே போயிருக்கும், செயின் இன்னும் லாக்கரில் கிடக்கும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தொழில் கடன் கேட்கலாம். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையிலேயே விண்ணப்பிக்கலாம்.

வரி, பில், உரிமை

வரி மிச்சம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் வருட வருமானம் மூன்று லட்சம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

கொழுந்தனார் ஜிஎஸ்டி நம்பர் யோசனைக்கு என் பதில் உறுதியாக வேண்டாம் என்பதுதான். நீங்கள் தரும் விலைக்குள் சுமார் 26,800 ரூபாய் ஜிஎஸ்டி இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் கடைக்காரர் ஆசை காட்டுகிறார். ஆனால் அந்தப் பிரஸ்ஸின் தொழிலுக்குப் பயன்படாத பொருளுக்கு அவர்கள் உள்ளீட்டு வரி எடுப்பது (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) சட்டப்படி தவறு. மாட்டினால் வரியோடு வட்டியும் அபராதமும் அவருக்கு வரும். உங்களுக்கும் நஷ்டம்தான். பில் அவர் கம்பெனி பெயரில் இருந்தால் பொருளை வாங்கியவர் நீங்கள் இல்லை என்றாகிவிடும். நாளைக்குத் திரையில் கோடு விழுந்தால் யார் போய் நிற்பது?

உங்கள் பெயரிலேயே பில் வாங்கினால், நீங்கள் பயப்படுவதற்கு ஒன்றுமில்லை. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொதுவான விதி, சரி. ஆனால் சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரை அந்த விதியில் சேர்க்கக் கூடாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆள் வைத்து ஸ்டுடியோ நடத்தினால் வாதம் வரலாம். வீட்டில் தனியாக உட்கார்ந்து வரையும் நீங்கள் நுகர்வோர்தான். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் கீழே போட்டுத் திரை உடைந்தால் இதெல்லாம் உதவாது. சாதாரண வாரண்டியிலும் அது சேராது. மகள் சின்னவள் என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் என்ன வாங்கலாம்?

லேப்டாப்பைச் சரிசெய்த பிறகும் திரையிலேயே வரையும் ஆசை இருந்தால், அது நல்ல ஆசை. இரண்டு வழி சொல்கிறேன்.

ஒன்று, லேப்டாப்போடு இணைக்கும் பென் டிஸ்பிளே. வாகாம், ஹுயான், எக்ஸ்பி பென் போன்ற நிறுவனங்கள் தருகின்றன. 13 இன்ச் அளவில், ப்ரோ விலையில் கால் பங்குக்கும் குறைவாகக் கிடைப்பவை உண்டு. கோரல் டிராவுக்குள்ளேயே நேரடியாக வரையலாம், ஃபைல் மாற்றும் தொல்லை இல்லை. மேசையை விட்டு நகர முடியாது என்பதுதான் குறை.

இன்னொன்று ஐபேட் ஏர். 2025 மார்ச்சில் வந்த எம்3 ஏர் 11 இன்ச்சின் அறிமுக விலை 59,900. நீங்கள் ஷோரூமில் பிடித்த அதே பென்சில் ப்ரோ இதிலும் வேலை செய்யும், அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிமன் மாறுவதும் உண்டு. இரண்டும் சேர்த்து 71,800. இதைவிட மலிவாக, 2025-இல் 34,900 ரூபாய்க்கு வந்த சாதாரண ஐபேடுக்குப் போய்விடாதீர்கள். அதில் பென்சில் ப்ரோ வேலை செய்யாது. அதோடு பலரும் வாங்கும் யுஎஸ்பி-சி பென்சிலில் அழுத்தம் பதியாது. மயிலிறகு வரைகிற கைக்கு அது போதாது.

நாலு வருடம் உழைக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். உங்கள் பட்டியல்படி ப்ரோவுக்கு மாதம் 3,660 ரூபாய் ஆகிறது. ஏருக்கு மாதம் 1,500. ஒரு லேபிளுக்கு 1,200 வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ப்ரோவுக்கு, மெலிந்த மாதங்களையும் சேர்த்து, மாதாமாதம் மூன்று லேபிள் கூடுதலாக வர வேண்டும். ஏருக்கு ஒன்றேகால் போதும். ப்ரோ வாங்கியதால் பிரஸ்காரர் ரேட்டைக் கூட்டித் தருவாரா? நீங்களே சொல்லுங்கள்.

ஏரில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலியில் எத்தனை லேயர் (படத்தின் அடுக்கு) கிடைக்கும் என்பது படத்தின் அளவையும் ரேமையும் பொறுத்தது. எம்3 ஏரில் 8 ஜிபி, 256 ஜிபி எம்5 ப்ரோவில் 12 ஜிபி. ஏர் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு பத்து நிமிடம் வாங்கி, ஏ3 அளவுக்கு 3508-க்கு 4961 பிக்ஸல் என்று புது கேன்வாஸ் அமைத்துப் பாருங்கள். அதிகபட்சம் எத்தனை லேயர் என்று அதுவே காட்டும். உங்கள் சாமி படங்களுக்கு வழக்கமாகப் போடும் லேயர் அதற்குள் அடங்கினால் பிரச்சினை இல்லை. அடங்கவில்லை என்றால், அல்லது நாளைக்கு அனிமேஷன் வேலை தேடி வந்தால், அப்போது ப்ரோவைப் பற்றிப் பேசலாம். கடைகளில் முந்தைய எம்4 ப்ரோ குறைந்த விலையில் மிஞ்சியிருந்தால் அதுவும் நல்ல பொருள்தான், திரையும் பென்சிலும் அதேதான்.

இப்போது அந்த 38,000 ரூபாய். போகிற போக்கில் சொல்லியிருந்தாலும், உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்தது அந்த வரியைத்தான். ஏரும் பென்சிலும் சேர்ந்த விலையில் பாதிக்கும் மேல் அது. அது கடன் இல்லை, உங்கள் உழைப்பு. “தெரிந்தவர்கள், எப்படிக் கேட்பது” என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் என்பதால்தான் பில் இல்லாமல் வேலை நடக்கிறது, பில் இல்லாததால்தான் பாக்கி நிற்கிறது. மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் ஆதார், பான் வைத்து இலவசமாகக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பணம் கேட்கும் இடைத்தரகர் யாரும் தேவையில்லை. அதன்பின் செய்யும் வேலைக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்கிறது குறு, சிறு தொழில் சட்டம். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அப்படி நிலுவை வைத்தால், பணம் தரும்வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்று 2023-24 நிதியாண்டில் இருந்து வருமான வரிச் சட்டமும் சொல்வதால், பிரஸ்ஸின் ஆடிட்டரே அவர்களை அவசரப்படுத்துவார். பழைய பாக்கிக்கு இந்த வழி கைகொடுக்குமா என்பது உறுதியில்லை. அதற்கு மரியாதையாக ஒரு கடிதம் போதும்.

அடுத்த ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட இப்போதே படம் கேட்டு வருவார்கள். புதுப் படத்துக்குக் கை வைப்பதற்கு முன், பழைய படங்களின் பெயர், கொடுத்த தேதி, தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் போட்டு, இரண்டு பிரஸ்ஸுக்கும் ஆளுக்கொன்றாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், தபாலிலும் போடுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் கணவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பிரஸ் முதலாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.